முதல் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு இரண்டாவது வீட்டுக்குக் கடன் வாங்குவது: நெல்லைப் பக்கத்து மக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தியாகராஜ நகரில் இருக்கும் எங்கள் முதல் வீட்டில் ஆறு வருடம் குடியிருந்தவர் நல்ல மனிதர். மாதம் 5-ம் தேதி ஆனால் வாடகை தயாராக இருக்கும். சாயங்காலம் நானே போய்ப் பணமாக வாங்கிக்கொண்டு, ஒரு காபியும் குடித்துவிட்டு வருவேன். நாங்கள் அம்மாவுக்குத் துணையாகப் பாளையங்கோட்டைக்குக் குடி மாறியிருந்தோம். பெருமாள்புரத்தில் ஒரு வீடு விலைக்கு வந்தபோது, சம்பளமும் இருக்கிறது, வாடகையும் வருகிறது, கடன் கிடைத்துவிடும் என்ற தைரியத்தில் வங்கிக்குப் போனேன். கடன் பிரிவில் இருந்தவர் பாஸ்புக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வாடகை வருதுன்னு சொல்லுதீய, இதுல ஒண்ணையும் காணுமே அண்ணாச்சி."

ஆறு வருட வாடகையை அந்த வங்கி பூஜ்யமாகத்தான் கணக்கில் எடுத்தது. எதிர்பார்த்த கடன் குறைந்தது, பார்த்து வைத்த வீடும் கைவிட்டுப் போனது. ஆகவே இரண்டாவது வீடு பற்றி யோசிக்கும் யாரிடமும் நான் முதலில் சொல்வது இதுதான்: வாடகையைக் காகிதத்துக்குக் கொண்டுவாருங்கள், அதை வீடு பார்க்கத் தொடங்குவதற்கு ஒரு வருடம், முடிந்தால் இரண்டு வருடம் முன்பே செய்யுங்கள். அதன்பிறகு, அந்த வாடகை வராமல் போனாலும் தவணை கட்ட முடியுமா என்று ஒரு தடவை தனியாகக் கணக்குப் போடுங்கள். முதல் கணக்கு வங்கிக்கு, இரண்டாவது உங்கள் வீட்டுக்கு.

முதல் படி: வங்கி போடும் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்

கைக்கு வரும் மாத வருமானத்தில் எல்லாத் தவணைகளும் சேர்ந்து இவ்வளவுதான் போகலாம் என்று ஒவ்வொரு வங்கியும் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. பொதுவாக அது 50 முதல் 60 சதவீதம் வரை இருக்கும். வருமானம் கூடக் கூட வரம்பும் கொஞ்சம் தளரும். ஏற்கெனவே கட்டிவரும் தவணைகளை அதில் கழித்தால் மிச்சம் நிற்பதுதான் புதிய கடனுக்கு இடம்.

ஒரு கணக்குப் போடுவோம். 40 வயது ஆசிரியர், பிடித்தம் எல்லாம் போகக் கைக்கு 78,000 ரூபாய் வருகிறது. முதல் வீட்டுக் கடனில் இன்னும் 9 லட்சம் பாக்கி, மாதத் தவணை 14,000. அந்த வீட்டுக்கு வாடகை 11,000. இப்போது 55 லட்சத்துக்கு ஒரு வீடு பார்த்திருக்கிறார். வங்கியின் வரம்பு 55 சதவீதம், வட்டி 8.5 சதவீதம், காலம் 20 வருடம் என்று வைத்துக்கொள்வோம். இந்த வட்டியில் 20 வருடத்துக்கு ஒரு லட்சத்துக்குத் தவணை சுமார் 868 ரூபாய்.

78,000-ல் 55 சதவீதம் 42,900. பழைய தவணை 14,000 போனால் 28,900 மிஞ்சும். 868-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 33.3 லட்சம். வாடகை வங்கிக் கண்ணுக்குத் தெரியாவிட்டால் இவ்வளவுதான்.

அதே வாடகை காகிதத்தில் இருந்து, வங்கி அதில் 70 சதவீதத்தை வருமானமாக ஏற்றுக்கொண்டால் 7,700 கூடும். 85,700-ல் 55 சதவீதம் 47,135. பழைய தவணை போக 33,135. கடன் 38.2 லட்சம். ஆக, 11,000 ரூபாய் வாடகையைப் பணமாக வாங்கியதற்காக அவர் இழப்பது கிட்டத்தட்ட 5 லட்ச ரூபாய்க் கடன் தகுதி. எவ்வளவு சதவீதத்தை ஏற்பார்கள் என்பது வங்கிக்கு வங்கி மாறும், அதனால் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான்.

வயதையும் கவனியுங்கள். தமிழ்நாட்டு அரசுப் பணியில் ஓய்வு வயது 60. சம்பளக்காரருக்குக் கடன் பெரும்பாலும் அதற்குள் முடிய வேண்டும் என்பார்கள். அதே ஆசிரியருக்கு 48 வயது என்றால் 12 வருடம்தான் கிடைக்கும், ஒரு லட்சத்துக்குத் தவணை 1,110 ஆகிவிடும், 28,900-க்கு 26 லட்சம்தான் வரும். அந்த இடத்தில் சம்பாதிக்கும் மனைவியையோ மகனையோ மகளையோ கூட்டு விண்ணப்பதாரராகச் சேர்த்தால் நிலைமை மாறும். ஆனால் சேர்கிறவருக்குக் கடன் முழுவதற்கும் பொறுப்பு உண்டு. நாளைக்கு அவர் தன் பெயரில் வீட்டுக்கடன் கேட்கும்போது இந்தத் தவணை அவர் கணக்கிலும் நிற்கும். இதைப் பிள்ளைகளிடம் உட்கார வைத்துப் பேசிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

இரண்டாவது படி: வாடகையைக் காகிதத்துக்குக் கொண்டுவருவது

நம் பக்கத்தில் முத்திரைத்தாளில் 11 மாதத்துக்கு எழுதி, பீரோவில் வைத்துவிடுவதுதான் வழக்கம். 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டம், வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும் என்கிறது. அரசின் இணையதளத்திலேயே பதியலாம், பதிவு எண் ஒன்று கொடுப்பார்கள். 11 மாதம்தானே என்று விட்டுவிட வேண்டாம். அந்த எண் உள்ள ஒப்பந்தத்தை வங்கியில் நீட்டினால் மேற்கொண்டு கேள்வி குறையும்.

அப்புறம் வாடகை வங்கிக் கணக்கில் வர வேண்டும், மாதா மாதம், ஒப்பந்தத்தில் உள்ள அதே தொகை. 11,000 என்று எழுதிவிட்டு 9,000 கணக்கிலும் 2,000 கையிலும் வாங்கினால் 9,000-தான் வாடகை. கூகுள் பே மூலம் வந்தாலும் சரிதான், ஆனால் குடியிருப்பவர் பெயரிலிருந்து வரட்டும். மூன்றாவது, வருமான வரி ரிட்டனில் அந்த வாடகையைக் காட்டியிருக்க வேண்டும். பல வங்கிகள் இரண்டு வருட ரிட்டன் கேட்கின்றன. வரி கட்ட வேண்டியிருக்குமே என்று தயங்குகிறவர்களுக்கு, அது நீங்கள் பயப்படும் அளவுக்கு இருக்காது. கீழே கணக்கைப் பாருங்கள்.

ஒத்தி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டவுனிலும் மேலப்பாளையத்திலும் பேட்டையிலும் இன்றும் பலர் வீட்டை ஒத்திக்கு விடுகிறார்கள். 4 லட்சமோ 5 லட்சமோ வாங்கிக்கொண்டு, வாடகை இல்லாமல் குடிவைத்து, காலம் முடிந்ததும் பணத்தைத் திருப்பித் தருவது. இரண்டாவது வீட்டுக்குக் கையிருப்பு சேர்க்க முதல் வீட்டை ஒத்திக்கு விடலாம் என்று பலருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. வங்கியின் பார்வையில் ஒத்திக்கு விட்ட வீட்டில் மாத வருமானம் இல்லை. மாறாக நீங்கள் திருப்பித் தர வேண்டிய ஒரு கடன் இருக்கிறது. அந்த வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்தால், வங்கிக்குத் தெரியாமல் ஒத்தி எழுதுவது கடன் ஒப்பந்தத்தை மீறுவதாகும். மேலும் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனையோ வைப்புத்தொகையையோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மாத வாடகை குறைவாக வந்தாலும் வாடகைக்கே விடுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம்.

மூன்றாவது படி: பழைய கடனை என்ன செய்வது

முதலில் பழைய கடனின் சாங்ஷன் லெட்டரை (கடன் ஒப்புதல் கடிதத்தை) எடுத்துப் படியுங்கள். வீட்டை வாடகைக்கு விடும்முன் வங்கியிடம் தெரிவிக்க வேண்டும் அல்லது சம்மதம் வாங்க வேண்டும் என்று எழுதியிருக்கலாம். இருந்தால் ஒரு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சின்ன வேலைதான், ஆனால் புதிய வங்கி கேட்கும்போது கைகொடுக்கும்.

இனி நம் ஆசிரியரின் கணக்குக்குத் திரும்புவோம். மாதம் 14,000 தவணை, புதிய கடனில் 16 லட்சத்துக்கான இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஆனால் பாக்கி 9 லட்சம்தான். கையில் பணம் இருந்தால் அதை அடைத்துவிட்டு, 42,900 முழுவதையும் புதிய கடனுக்கு விடலாம். அப்போது 49 லட்சம் வரை தகுதி வரும், ஆனால் வீட்டு விலைக்கான உச்சவரம்பால் கடன் 44 லட்சத்தில் நின்றுவிடும். (உச்சவரம்பு எங்கிருந்து வந்தது என்பது ஐந்தாவது படியில் வருகிறது.)

இரண்டு வழியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீடு 55 லட்சம், பத்திரச் செலவு 4.95 லட்சம், சில்லறைச் செலவுக்கு 60,000, ஆக 60.55 லட்சம். பழைய கடனை வைத்துக்கொண்டு, வாடகையைக் காட்டி 38.2 லட்சம் வாங்கினால் கைப்பணம் 22.35 லட்சம் வேண்டும், மாதத் தவணை இரண்டும் சேர்ந்து 47,100. பழையதை அடைத்துவிட்டு 44 லட்சம் வாங்கினால் கைப்பணம் 25.55 லட்சம், மாதத் தவணை 38,200 மட்டும். 3.2 லட்சம் கூடுதலாகப் புரட்ட முடிகிறவருக்கு மாதம் 8,900 ரூபாய் மூச்சு விட இடம் கிடைக்கிறது. ஆறேழு வருடத்தில் பழைய கடன் தானாக முடிந்துவிடும் என்பதும் உண்மைதான்; ஆனால் பிள்ளைகள் படிக்கிற காலத்தில் அந்த ஆறேழு வருடம்தான் நெருக்கும். நான் அடைத்துவிட்டுத்தான் போனேன்.

தனிநபர் பெயரில் உள்ள மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. அடைத்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 டிசம்பர் முதல் விதி வைத்திருக்கிறது. பத்திரத்தை வாங்கியதோடு நின்றுவிடாமல், சார்பதிவாளர் அலுவலகத்தில் கடன் தீர்ந்த ரசீதையும் பதிந்துவிடுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் வில்லங்கச் சான்றில் அந்த அடமானம் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும்.

நான்காவது படி: சிபில்

இதில் நீட்ட அதிகமில்லை. உங்கள் கடன் கட்டும் பழக்கத்துக்குத் தரப்படும், 300 முதல் 900 வரையிலான மதிப்பெண்ணில் 750-க்கு மேல் இருந்தால் கவலை இல்லை. ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். ஆறு மாதம் முன்பே எடுத்துப் பாருங்கள். மச்சானுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து, அடைத்தும் மூடப்படாத கிரெடிட் கார்டு, தவணையில் வாங்கிய போன் எல்லாம் அதில் இருக்கும். நகைக்கடனும் வரும். வீட்டு முன்பணத்துக்காக நகையை வைத்துவிட்டுப் போகிறவர்கள், அந்தக் கடனையும் வங்கி பார்க்கும் என்பதை மறக்க வேண்டாம். ஒரே வாரத்தில் ஐந்து இடத்தில் விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு விசாரிப்பும் அறிக்கையில் பதிவாகும். விசாரித்துவிட்டு இரண்டு இடத்தில் மட்டும் கொடுங்கள்.

ஐந்தாவது படி: கைப்பணம்

30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை, 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம் வரைதான் வங்கி தரலாம். இது ரிசர்வ் வங்கியின் வரம்பு. இதனால் 55 லட்சம் வீட்டுக்கு 44 லட்சம்தான் உச்சம். பத்திரச் செலவை இந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அந்த 9 சதவீதம் முழுவதும் உங்கள் கையிலிருந்துதான். வீடு 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குத் தரும் தொகையில் 1 சதவீதம் வருமான வரியாகப் பிடித்துக் கட்டுவதும் வாங்குபவர் பொறுப்பு. அது விலைக்குள்ளேயே அடங்கும், கூடுதல் செலவு ஆகாது.

நம்மூரில் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. விற்பவர், "பத்திரத்துல வழிகாட்டி மதிப்புக்கு எழுதிக்கிடுவோம், மீதியை ரொக்கமா குடுத்துருங்க" என்பார். சம்மதித்தால் வங்கி பத்திரத்தில் உள்ள விலைக்குத்தான் கடன் தரும். 55 லட்சம் வீட்டை 35 லட்சத்துக்கு எழுதினால் கடன் 30 லட்சத்தைத் தாண்டாது. மீதி 25 லட்சம் கையிலிருந்துதான், அதில் 20 லட்சத்தை ரொக்கமாக எண்ணித் தர வேண்டும். அது சட்டப்படியும் தப்பு. கடன் வாங்கி வாங்குகிறவர் முழு விலைக்கும் எழுதும் ஆளிடம்தான் வாங்க முடியும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே இதைப் பேசி முடித்துவிடுங்கள்.

இன்னொரு எதிர்பார்ப்பையும் விட்டுவிட வேண்டும். பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் வட்டி மானியம் நாட்டில் எங்கும் பக்கா வீடு இல்லாத குடும்பத்துக்குத்தான். நமக்கு அது கிடைக்காது.

ஆறாவது படி: வீட்டின் காகிதங்கள்

உங்கள் வருமானம் எல்லாம் சரியாக இருந்தும் கடன் நின்றுபோவது பெரும்பாலும் இங்கேதான். வங்கி வக்கீல் பொதுவாக 30 வருட வில்லங்கம், மூலப்பத்திரம், இடையில் கைமாறிய பத்திரங்கள், பட்டா, வரைபட அனுமதி, சொத்துவரி ரசீது கேட்பார்.

பூர்வீகச் சொத்து என்றால் நிதானமாகப் பாருங்கள். தாத்தா பெயரில் பட்டா, அண்ணன் தம்பிகள் வாய்ப்பேச்சில் பிரித்துக்கொண்டது, ஒருவர் மும்பையில் ஒருவர் துபாயில் என்று நம் ஊர்களில் ஏராளம். பதிவான பாகப்பிரிவினைப் பத்திரம் இல்லாமல் வங்கி அசையாது. பெண்பிள்ளைகள் கையெழுத்து இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். 1989 மார்ச் 25-ல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தமும் 2005-ல் வந்த மத்தியத் திருத்தமும் இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகள்களுக்கும் பங்கு தந்துவிட்டன. "அக்காமாருக்குச் சீர் செஞ்சாச்சு" என்பது வக்கீலிடம் செல்லாது, செல்லவும் கூடாது. அவர்கள் பங்கை விட்டுக்கொடுத்திருந்தால் அதற்கான விடுதலைப் பத்திரம் பதிந்திருக்க வேண்டும்.

மனைப்பிரிவாக இருந்தால் அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். ஊராட்சித் தலைவர் கையெழுத்துப் போட்ட வரைபடத்தை வைத்துக்கொண்டு நகரைச் சுற்றி எத்தனையோ பழைய மனைகள் இருக்கின்றன. அங்கீகாரமில்லாத மனைகள் விஷயத்தில் 2016 அக்டோபர் 20 என்ற தேதி முக்கியம். அதற்கு முன் மனையாகப் பதிந்தவற்றை 2017-ல் வந்த விதிகளின்படி வரன்முறை செய்யலாம். வரன்முறை ஆணை கையில் இல்லாத மனைக்குப் பல வங்கிகள் கடன் தருவதில்லை. கோயில் நிலம், நத்தம், புறம்போக்கு என்று எந்தச் சந்தேகம் இருந்தாலும் அட்வான்ஸுக்கு முன் தாலுகா அலுவலகத்தில் சர்வே எண்ணை வைத்துக் கேட்டுவிடுங்கள்.

காகிதத்தில் வராத ஒன்றும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி எதுவரை ஏறியது என்று தெருவில் இருப்பவர்களிடம் கேளுங்கள். ஜங்ஷன், சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டைப் பக்கம் சுவரில் தண்ணீர் நின்ற கோடு எங்கே இருந்தது என்று அவர்கள் கை வைத்துக் காட்டுவார்கள்.

ஏழாவது படி: விண்ணப்பம்

சம்பளச் சீட்டு, ஆறு மாத அல்லது ஒரு வருட வங்கிக் கணக்கு விவரம், இரண்டு வருட ரிட்டன், வாடகை ஒப்பந்தம், பழைய கடனின் கணக்கு விவரம், புதிய வீட்டின் பத்திர நகல்கள், கிரய ஒப்பந்தம் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். கிரய ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்வது நல்லது: வக்கீல் கருத்து பாதகமாக வந்து கடன் மறுக்கப்பட்டால் அட்வான்ஸ் திரும்ப வரும் என்று. முதல் முறை என் ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லை. கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்க நாலு மாதம் நடந்தேன்.

இரண்டாவது வீடு என்பதாலேயே வட்டி கூடிவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. பெரும்பாலும் முதல் வீட்டுக்கான அதே வட்டிதான். வக்கீல், மதிப்பீட்டாளர் அறிக்கைகள் வந்ததும் சாங்ஷன் வரும். கிரயம் பதியும் அன்றே அல்லது அதையொட்டி அடமானப் பதிவும் நடக்கும். அதற்குத் தனியாக முத்திரையும் கட்டணமும் உண்டு. வங்கியில் கூடவே விற்கும் காப்பீட்டை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் கடனுக்கு ஈடான ஆயுள் காப்பீடு ஒன்றை எங்கேயாவது எடுத்துவிடுங்கள். இரண்டு வீடும் ஒரே சம்பளத்தின் மேல் நிற்கிறது.

எட்டாவது படி: வரி

வாடகை 11,000 என்றால் வருடத்துக்கு 1,32,000. நீங்கள் கட்டிய சொத்துவரி 4,000 கழித்தால் 1,28,000. அதில் 30 சதவீதம், 38,400, பராமரிப்புக்கென்று கணக்குக் கேட்காமலே கழியும். மிச்சம் 89,600. அந்த வீட்டுக் கடனுக்கு அந்த வருடம் கட்டிய வட்டி 70,000 என்றால் வரிக்கு உட்படுவது 19,600 மட்டும். புதிய வரி முறையிலும் வாடகை வீட்டின் வட்டியை இப்படிக் கழிக்கலாம். ஆனால் புதிய முறையில், வட்டி வாடகையை மிஞ்சினால் அந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. பழைய முறையில் 2 லட்சம் வரை கழிக்கலாம், மீதியை எட்டு வருடம் எடுத்துச் செல்லலாம். நாம் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்குப் பழைய முறையில் 2 லட்சம் வரை சலுகை, புதிய முறையில் ஒன்றும் இல்லை. முதல் கடனை அடைத்துவிட்டால் கழிக்க வட்டி இருக்காது, 89,600-க்கும் வரி வரும். அதற்காக வட்டி கட்டிக்கொண்டே இருக்கச் சொல்ல மாட்டேன்.

ஒன்பதாவது படி: வாடகை வராத மாதம்

மேலே சொன்ன இரண்டாவது கணக்கு இது. பழைய கடனை வைத்துக்கொண்ட வழியில், வீடு காலியாகக் கிடந்தால் 78,000-ல் 47,100 போக 30,900-ல் குடும்பம் நடக்க வேண்டும். குடியிருப்பவர் மாறும் இடைவெளியில் இரண்டு மாதம் காலி, வெள்ளையடிப்பு, மோட்டார் ரிப்பேர் என்று வரத்தான் செய்யும். வட்டியும் ஏறும்: 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி), 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது. 38.2 லட்சம் கடனுக்கு வட்டி 8.5-லிருந்து 10.5 ஆனால் தவணை 5,000 ரூபாய் கூடும். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் தாங்குமா என்று மனைவியோடு உட்கார்ந்து மளிகை, பள்ளிக் கட்டணம், அம்மா மருந்து வரை எழுதிப் பாருங்கள். ஆறு மாதத் தவணை தொடாத கணக்கில் இருந்தால்தான் கையெழுத்துப் போடுங்கள். குடியிருப்பவர் தந்த அட்வான்ஸை அந்த ஆறு மாதத்தில் சேர்க்காதீர்கள்; அது அவர் பணம், காலி செய்யும் அன்றைக்குக் கேட்பார்.

பதிவு முடிந்ததும் புது வீட்டின் பட்டா, மாநகராட்சிச் சொத்துவரி, மின் இணைப்பு மூன்றையும் பெயர் மாற்றிவிடுங்கள். தவணை தேதியை வங்கியில் கேட்டு 10-ம் தேதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாடகை 5-ம் தேதி வரும், ஒருநாள் இரண்டுநாள் தள்ளினாலும் தவணைக்கு முன்னால் கணக்கில் வந்துவிடும். தியாகராஜ நகர் வீட்டில் இப்போது இருப்பவர் 4-ம் தேதி ராத்திரியே அனுப்பிவிடுகிறார். காபி குடிக்க மட்டும் எப்போதாவது போய்வருகிறேன்.